மடிப்பக்காவும் புழு முடிச்சும்

மடிப்பக்கா வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறவர்கள் முதலில் தங்கள் சட்டையை ஒரு தடவை கீழே இழுத்துவிட்டுக்கொள்வார்கள். பயம்தான், வேறென்ன. அந்த வீட்டில் திரைச்சீலைக்கு மடிப்பு உண்டு, மேசை விரிப்புக்கு மடிப்பு உண்டு, அடுப்படியில் சூடான பாத்திரம் பிடிக்கிற துணிக்குக்கூட நான்காக மடித்த கோடு உண்டு. கசங்கல் என்பது மருந்துக்கும் கிடையாது. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் கிரீஸில் புரள்கிற வேலை. ஆனால் காலையில் அவர் வேலைக்குக் கிளம்புவதைப் பார்த்தால் பாங்க் மானேஜர் கெட்டார். "கறை போகலைன்னா அது சோப்போட தப்பு. கசங்கியிருந்தா அது என் தப்பு" என்பாள் மடிப்பக்கா.

மடிப்பக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சலவைக் கடையில் வைத்தது. அதுவும் சின்னக் கடை இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஓட்டல் மேசை விரிப்பு, தொழிற்சாலைச் சீருடை என்று வண்டி வண்டியாக வந்து இறங்கும் இடம். பின்பக்கம் துவைக்கிற மெஷின்கள் உருண்டுகொண்டே இருக்கும். முன்பக்கம் வரிசையாக இஸ்திரி மேசைகள், மேலே தொங்குகிற நீராவிக் குழாய்கள், எப்போதும் ஒரு புகைமூட்டம். பள்ளிப் படிப்பை விட்ட கையோடு அங்கே நின்றவள், இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். நிஜமாகவே நின்றுகொண்டுதான் இருக்கிறாள், அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சட்டைக் கையில் அவள் போடுகிற மடிப்புக் கோடு தோளில் ஆரம்பித்தால் மணிக்கட்டில்தான் நிற்கும், நடுவில் எங்கேயும் வளையாது. இஸ்திரியில் சூடு போதுமா என்று பார்க்க, எச்சில் தொட்ட கட்டைவிரலால் அதன் அடிப்பக்கத்தை ஒரு தட்டுத் தட்டுவாள். அப்படித் தட்டித் தட்டியே அவள் இரண்டு கட்டைவிரல்களின் நுனித்தோலும் செத்துப்போய்விட்டது. குண்டூசியால் குத்தினாலும் தெரியாது.

சலவை மெஷின்காரர் ஒரு வாயாடி. "அக்கா கையில குடுத்தா கூழாங்கல்லக்கூட தேய்ச்சுப் பலகையாக்கிடுவாங்க" என்பார். அக்கா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வாள். பாராட்டு என்று எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற ஜென்மம் அது.

அவள் கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் மாமியார் இல்லை, இறந்துபோயிருந்தார். இருந்தது புருஷனும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவர் தங்கையும்தான். தங்கையை வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள். அந்தப் பாப்பாவுக்கு இப்போது நாற்பது எட்டிப் பார்க்கிறது, இன்னும் பாப்பாதான். அதை விடுங்கள். தாயில்லாத அந்தப் பெண்ணிடம் பிரியத்தை எப்படிக் காட்டுவது என்று மடிப்பக்காவுக்குத் தெரியவில்லை. கொஞ்சிப் பேச வராது. தலை வாரிவிட்டால் முடி பிய்ந்துவிடும். சமையலும் ஏதோ சுமார் ரகம்தான். தெரிந்தது ஒன்றே ஒன்று. பாப்பாவின் ஸ்கூல் ஸ்கர்ட்டை ஒரு நாள் தவறாமல் தேய்த்துக் கொடுத்தாள். விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக நிற்கும் ஸ்கர்ட் அது. "உங்க வீட்ல யாரு இப்படித் தேய்க்கறதுன்னு டீச்சர் கேட்டாங்க அண்ணி" என்று ஒருநாள் பாப்பா வந்து சொன்னாள். அண்ணிக்காரி அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். அழுதாள் என்று லிஃப்ட் மெக்கானிக் இன்றைக்கும் சொல்வார். வெங்காயம் என்று அவள் இன்றைக்கும் சொல்வாள்.

பாப்பா வளர்ந்து எம்பிராய்டரி பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணப் பெண்களுக்கு கவுன் தைத்துத் தருகிற இடம். அதில் பூ வேலைக்கு இவள்தான். அதிலும் முடிச்சுத் தையல் என்றால் இவளை விட்டால் ஆள் கிடையாது. ஊசியைத் துணியில் பாதி குத்தி நிறுத்தி, அதன் முனையில் நூலை வரிசையாகச் சுற்றி, சுற்றியதைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு ஊசியை உருவினால், துணியின் மேல் ஒரு சின்னப் புழு படுத்திருக்கிற மாதிரி நூல் திரண்டு நிற்கும். பட்டறையில் அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் உண்டு. தைக்கிற பெண்கள் புழு முடிச்சு என்றுதான் சொல்வார்கள். நடுவில் பொட்டுப் போலக் குட்டி முடிச்சுகள், அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து புழு முடிச்சுகள் போட்டால் ரோஜா. தொட்டால் விரலில் இடறும், நிஜப் பூ மொட்டைத் தொட்ட மாதிரி.

ஊரான் கல்யாணத்துக்கெல்லாம் பூப்போட்ட பாப்பாவுக்குத் தன் கல்யாணம் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. கேட்டால் "எனக்கென்ன அவசரம்" என்பாள். ஊசிக் காது சரியாகத் தெரியவில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடியைச் சரிபார்க்க வரச்சொன்னார், பிறகு ஃபிரேமை இறுக்க வரச்சொன்னார், பிறகு எதற்கென்றே தெரியாமல் வரச்சொன்னார். ஒருவழியாக இரண்டு பேருக்கும் பதிவு அலுவலகத்தில் கல்யாணத் தேதி கொடுத்தாயிற்று. பாப்பா தனக்கென்று பாலாடை நிறத்தில் ஒரு நீள கவுன் தைத்தாள். விடுமுறைக் காலைகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கழுத்துப் பட்டையைச் சுற்றி ரோஜா ரோஜாவாக முடிச்சுப் போட்டாள். யார் அவசரப்படுத்துகிறார்கள் என்கிற நிதானத்தில், ரசித்து ரசித்துப் போட்ட பூக்கள். முடித்து அலமாரியில் மாட்டினாள்.

அங்கேதான் வந்தது வினை.

ஒரு காலையில் பாப்பா பட்டறைக்குப் போனபிறகு மடிப்பக்கா அலமாரியைத் திறந்து கவுனைப் பார்த்தாள். கீழ்விளிம்பில் கசங்கல். இடுப்பில் கசங்கல். கழுத்தைச் சுற்றி ஒரே மேடு பள்ளம். அவளுக்குக் கை ஊறியது. எல்லார் வீட்டுத் துணியையும் தேய்க்கிறோம், நம் வீட்டுப் பெண் இப்படிக் கசங்கின கவுனிலா கையெழுத்துப் போடப் போவாள் என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லாமல் கவுனை மடித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். வந்து பார்க்கும்போது பாப்பா அசந்துபோக வேண்டும். அந்தச் சந்தோஷத்தை நினைத்து வழியெல்லாம் அவள் தனியாகச் சிரித்துக்கொண்டே போனதாக எதிர்வீட்டுத் தபால்காரர் சொன்னார்.

எம்பிராய்டரித் துணி அந்தச் சலவைக் கடைக்கு வந்ததே இல்லை. ஆஸ்பத்திரி விரிப்பில் யார் பூப்போடுவார்கள்? கவுனின் உடம்பை அவள் தேய்த்த அழகைச் சும்மா சொல்லக் கூடாது, தண்ணீர் விழுவது போல விழுந்தது. பிறகு கழுத்துப் பட்டைக்கு வந்தாள். இஸ்திரி இடறியது. இஸ்திரி இடறினால் அவளுக்குப் பொறுக்காது. பூ எங்கே போகப்போகிறது, அங்கேயேதான் இருக்கும், மேடு மட்டும் அமுங்கட்டும் என்று ஈரத்துணியை மேலே போட்டாள். நீராவியைத் திறந்தாள். உடம்புப் பாரம் முழுக்க இறக்கி, அமுக்கிப் பிடித்துத் தேய்த்தாள். பட்டை கண்ணாடி போலப் படிந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மெஷின்காரரைக் கூப்பிட்டுக் காட்டக்கூடச் செய்தாள்.

சாயங்காலம் பாப்பா வந்தாள். கவுன் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அண்ணி, பரிசு வாங்கப் போகிற குழந்தை மாதிரி.

பாப்பா கழுத்துப் பட்டையை ஒரு விரலால் தடவினாள். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தடவினாள். விரல் எங்கேயும் இடறவில்லை.

"நீங்களா தேய்ச்சீங்க அண்ணி?"

"பின்ன? எப்படி இருக்கு?"

"கசங்கலே இல்ல அண்ணி" என்றாள் பாப்பா. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மடிப்பக்காவுக்கு விளங்கவில்லை. பாராட்டு என்றுதான் நினைத்தாள். விளங்க வைக்க லிஃப்ட் மெக்கானிக் வர வேண்டியிருந்தது. தங்கையின் அறைக்குள் போன மனுஷன் வெளியே வந்து, மனைவி முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

"பூவெல்லாம் செத்துப்போச்சுங்கறா."

"என்னங்க சொல்றீங்க? பூ இருக்கே. நான் ஒண்ணயும் அறுக்கலயே."

"இருக்கு. ஆனா படுத்துடுச்சு. அந்தத் தையலோட அழகே அது நிக்கறதுதானாம். அமுக்கினா வெறும் நூலாம்."

மடிப்பக்கா கவுனிடம் போய்த் தானும் ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். செத்த கட்டைவிரலுக்கு என்ன தெரியும்? மற்ற விரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது. தேய்த்த துணி வழவழவென்று இருப்பதைத் தொட்டு அவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஆவி காட்டினாள். ஊசி முனையால் நூலை நெம்பி நெம்பி எழுப்பிப் பார்த்தாள். சில முடிச்சுகள் அரைமனதாகத் தலை தூக்கின. மினுமினுப்பு போய், தேய்ந்த செருப்பு வார் மாதிரி இருந்தன. மறுநாள் காலை பாப்பாவே வந்து கெட்டிலை அணைத்தாள்.

"விடுங்க அண்ணி. பட்டறைல வாடகை கவுன் தொங்குது. அதுல ஒண்ண எடுத்துக்கறேன். ஒரு நாள் சமாசாரம்தானே."

"நீ மறுபடியும் போட முடியாதா?"

"வேற கல்யாண ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. அதுவுமில்லாம..." பாப்பா கெட்டிலை எடுத்து ஓரமாக வைத்தாள். "எனக்கு நானே ரெண்டாந்தடவ போட மனசு வரல அண்ணி. மொதத் தடவ ஆசையாப் போட்டேன். இப்பப் போட்டா வேலைதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் மடிப்பக்கா தாங்கியிருப்பாள். பாப்பா சண்டைக்கு வராமல் சாதாரணமாகச் சொன்னாள். ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் பூப்போட்டவள் தன் கல்யாணத்துக்கு யாரோ போட்டுக் கழற்றிய கவுனில் போகப்போகிறாள். அதற்குக் காரணம் நாம். மடிப்பக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்குக் கத்துக் குடு. நான் பிச்சு, நான் போடறேன்."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்த நிலைமையிலும். "நீங்க பட்டன் தைச்சாலே சட்டை சுருங்கும் அண்ணி."

"அது பட்டன். இது பூ."

"இது வீம்புக்குக் கத்துக்கற வேலை இல்ல."

"வீம்புன்னு யாருடி சொன்னா? நான் கெடுத்தேன், நான் சரிபண்றேன். நீ சொல்லிக் குடுத்தா நல்லபடியா கத்துக்குவேன். சொல்லிக் குடுக்கலைன்னா தப்புத் தப்பா கத்துக்குவேன். எப்படின்னாலும் விடப்போறதில்ல."

பாப்பா அண்ணியை ஒரு கணம் பார்த்தாள். பள்ளி நாட்களிலிருந்து பழகிய முகம், ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் தலைகீழாக நின்றாலும் மாறாது. ஒரு நிபந்தனை போட்டாள். பழைய துணியில் அண்ணி ஒரு ரோஜா போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தால் தன் கைவேலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியக்கூடாது. அதுவரை கவுனில் கை வைக்கக்கூடாது. கல்யாணத்துக்குள் அது நடக்காவிட்டால் வாடகை கவுன்தான், பேச்சே கிடையாது.

ஆஸ்பத்திரி விரிப்பில் கிழிந்துபோனதைக் கடையில் கேட்டு வாங்கி வந்தாள் மடிப்பக்கா. வட்டச் சட்டத்தில் துணியை இறுக்கி மாட்டி ஆரம்பித்தாள். ஆரம்பித்தாள் என்று சொல்லத்தான் முடியும். முதலில் போட்ட பொட்டு முடிச்சு ஒவ்வொன்றும் துணிக்குள் புகுந்து பின்பக்கம் விழுந்தது. "வந்த ஓட்டைலயே திரும்பப் போறீங்க அண்ணி. ரெண்டு இழை தள்ளிக் குத்துங்க, முடிச்சுக்கு நிக்க இடம் வேணாமா" என்றாள் பாப்பா. தள்ளிக் குத்தினாள். நின்றது. ஒன்று நின்ற சந்தோஷத்தில் அடுத்த புழு முடிச்சுக்குப் போனாள். ஊசி உருவ வரவில்லை. சுற்றிய நூலுக்குள் சிக்கி முறைத்துக்கொண்டு நின்றது. பல்லால் கடித்து இழுத்தாள். ஊசி வந்தது, முடிச்சும் கூடவே வந்தது. சட்டை தைக்கிற ஊசியின் காது பருத்தது, அது சுற்றுக்குள் நுழையாது என்று பாப்பா வேறு ஊசி கொடுத்தாள். நுனி முதல் காது வரை ஒரே பருமனாக இருக்கிற ஊசி.

ஊசி மாறியும் அண்ணியின் கை மாறவில்லை. முடிச்சு ஒன்று போட்டு முடித்ததும் அவளுடைய இடது உள்ளங்கை தானாகவே வந்து துணியை ஒரு தடவு தடவும். எத்தனை காலப் பழக்கம். ஒரு மடிப்புத் தேய்த்தால் ஒரு தடவல். போட்ட பூ அப்படியே படுத்துவிடும். "கைய எடுங்க அண்ணி" என்று பாப்பா சொல்வாள். எடுப்பாள். அடுத்த முடிச்சுக்கு மறுபடி தடவுவாள். அவளே தன் கையை ஓங்கி ஒரு அடி அடித்தாள். அந்தச் சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து லிஃப்ட் மெக்கானிக் ஓடி வந்து, யாரை யார் அடித்தது என்று இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

இதையெல்லாம்கூட சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது கட்டைவிரல். புழு முடிச்சின் சூட்சுமமே சுற்றிய நூலை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. அழுத்தினால் ஊசி வராது, விட்டால் சுற்று குலையும். அதைக் கட்டைவிரல்தான் உணர்ந்து சொல்ல வேண்டும். மடிப்பக்காவின் கட்டைவிரலுக்குப் பேச்சு மூச்சே கிடையாது. நூல் இருக்கிறதா இல்லையா என்பதே அதற்குத் தெரியாது. பாப்பாவுக்கு இது புரிந்தபோது முகம் வாடிவிட்டது.

"இது உங்களால ஆகாது அண்ணி. உங்க மேல தப்பில்ல. தோலு அப்படி ஆயிடுச்சு."

மடிப்பக்கா தன் இரண்டு கைகளையும் விரித்து, யாரோ அன்னியர் கைகளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், இஸ்திரியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரு நூலை எடுத்து ஒவ்வொரு விரலாக அதன்மேல் வைத்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் பாதி செத்தது. நடுவிரலும் தேறாது. மோதிர விரலை வைத்தபோது நூலின் முறுக்கு அவளுக்குத் தெரிந்தது. இழை இழையாகத் தெரிந்தது. இஸ்திரி பிடிக்கும்போது அந்த விரல் மட்டும் கைப்பிடிக்குள் ஒளிந்துகொண்டு சொகுசாக இருந்திருக்கிறது. "இவ்வளவு நாள் சும்மாதானே இருந்த, இப்ப வேலை செய்" என்று அந்த விரலிடமே சொன்னாளாம். மெஷின்காரர் காதால் கேட்டது இது.

உட்கார்ந்து தைத்தால் அவளுக்கு முதுகும் ஒத்துவரவில்லை, கவனமும் வரவில்லை என்பதையும் அங்கேதான் கண்டுபிடித்தாள். நின்றுகொண்டு, சட்டத்தை இஸ்திரி மேசையின் மேல் வைத்து, குனிந்து, மோதிர விரலால் சுற்றைப் பிடித்து ஊசியை உருவினாள். வந்தது. மேடாக, உருண்டையாக, ஒரு புழு. இடது கை தடவக் கிளம்பியது. பாதி வழியில் அதுவே நின்றுவிட்டது.

அதன் பிறகு இடைவேளை தோறும் இதே கூத்துதான். கடையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். "அக்கா, இன்னைக்கு எத்தன புழு பிடிச்சீங்க" என்று மெஷின்காரர் கேட்பார். முதலாளியம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சூட்டுப் பக்கத்துல வச்சு நூலக் கருக்கிடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதுவே அந்த அம்மாளிடமிருந்து பெரிய ஆசீர்வாதம்.

இதழ் வளைய மாட்டேன் என்றது. குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டு நின்றது. பாப்பா காலையில் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் நின்று சொல்லிக்கொடுத்தாள். "குத்தற இடம் சின்னதா இருக்கணும், சுத்து அதவிட அதிகமா இருக்கணும் அண்ணி. இடம் பத்தாம போனாத்தான் நூல் வளையும்." எல்லாவற்றையும் இருக்கிற இடத்தில் இழுத்துப் பிடித்து நேராக்கியே பழகியவளுக்கு, வேண்டுமென்றே அதிகமாகச் சுற்றுவது மனசுக்கு ஒப்பவில்லை. ஆனாலும் சுற்றினாள். வளைந்தது. அதைப் பார்த்து அவள் வாயைப் பிளந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு காலை பாப்பா தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி துணியை நீட்டினாள். பாப்பா கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். நடுவிலிருந்த பொட்டு முடிச்சுகளைத் தொட்டாள், இதழ் இதழாக வெளியே வந்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இந்த இதழ் கொஞ்சம் குண்டு."

"பிச்சிடவா?"

"வேணாம்." பாப்பா கண்ணைத் திறக்கவில்லை. "எல்லா இதழும் ஒரே மாதிரி இருந்தா அது கடைல வாங்கின லேஸ். இதை யார் போட்டதுன்னு தெரியாம என் கைல குடுத்திருந்தா, பட்டறைல யாரோ நல்ல கைன்னு சொல்லியிருப்பேன் அண்ணி."

மடிப்பக்கா சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

கவுனை எடுத்தாள். படுத்துப்போன ரோஜாக்களைப் பின்பக்கமிருந்து சின்னக் கத்தரியால் அறுத்து, நூல் நூலாக உருவினாள். பாப்பா ஆசையாகப் போட்டதை இப்படி உருவுகிறோமே என்று ஒவ்வொரு பூவுக்கும் ஒரு தடவை கத்தரியைக் கீழே வைத்து எடுத்தாள். கழுத்துக்குப் பின்னால், பிடரியில் வருகிற ரோஜாவுக்குப் போனபோது பாப்பா தடுத்தாள். "அங்க துணி மடிஞ்சு தடியா இருக்கும், ஊசி எறங்காது. அந்த ஒண்ண நான் பாத்துக்கறேன், விடுங்க." விட்டாள். மற்றதெல்லாம் அவளுடையது. நின்றுகொண்டே போட்டாள். இடைவேளையில் போட்டாள், விடுமுறை நாளில் ஜன்னல் வெளிச்சத்தில் போட்டாள், லிஃப்ட் மெக்கானிக் வாய்திறவாமல் தானே சமைத்தார். அவருடைய சட்டை அந்த நாட்களில் கசங்கித்தான் இருந்தது. தெருவே அதைப் பார்த்து, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று விசாரித்தது.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் பாப்பா கவுனைக் கையில் போட்டுக்கொண்டு சலவைக் கடைக்கே வந்துவிட்டாள். முன்பக்கத்துப் பூவெல்லாம் நிமிர்ந்து நின்றது. ஆனால் வட்டச் சட்டம் பிடித்த தடம் கழுத்தைச் சுற்றி வளையம் வளையமாகப் பதிந்திருந்தது. இடுப்பிலும் கையிலும் கசங்கல்.

"தேய்ச்சுக் குடுங்க அண்ணி."

மடிப்பக்கா இரண்டடி பின்னால் போனாள். "நான் தொட மாட்டேன். மெஷின்காரர்கிட்ட குடு. வேற கடைக்கு எடுத்துட்டுப் போ. எங்கயாச்சும் போ."

"என் ஸ்கூல் ஸ்கர்ட்டை யாரு தேய்ச்சா?"

"அது வேற."

"எனக்கு அது வேற இல்ல. நாளைக்கு நான் போட்டுக்கப்போற துணிய வேற யாரும் தேய்க்கக் கூடாது."

மெஷின்காரர்கூட வாயை மூடிக்கொண்டிருந்தார், அவர் வாழ்நாளில் அபூர்வம். மடிப்பக்கா கனமான துவாலை ஒன்றை எடுத்து நான்காக மடித்து மேசையில் போட்டாள். பூக்கள் அதற்குள் புதையும்படி கழுத்துப் பட்டையைக் கவிழ்த்து வைத்தாள். நீராவியைப் பாதியாகக் குறைத்தாள். இஸ்திரியைத் துணியின் மேல் வைத்தும் வைக்காமலும், மூச்சைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக நகர்த்தினாள். பாரம் இறக்காமல் அவள் தேய்த்தது அதுதான் முதல் தடவை. முன்பக்கத்தை முடித்துப் புரட்டிப் பார்த்தாள். வளையத் தடம் போயிருந்தது. ரோஜாக்கள் ஒன்றுகூடத் தலை சாயவில்லை.

பட்டையைச் சுற்றிக்கொண்டே பிடரிப் பக்கம் வந்தாள். அங்கே ஒரு ரோஜா படுத்திருந்தது. வழவழவென்று, தட்டையாக.

"ஐயோ, இத அமுக்கிட்டேனா" என்று இஸ்திரியைத் தூக்கி வைத்தாள். பிறகுதான் பார்த்தாள், அது பழைய பூ. நூலில் மினுமினுப்பில்லை. பாப்பா தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பூ.

"இத நீ போடவே இல்லயேடி. மறந்துட்டியா? குடு, ஊசி இருக்கு, இப்பவே பிச்சு..."

"பிக்காதீங்க அண்ணி. மறக்கல. விட்டு வச்சேன்."

"எதுக்கு?"

"எல்லாத்தையும் பிச்சுட்டா, நாளப்பின்ன உங்களோட சண்டை போட எனக்கு என்ன இருக்கு?" என்று சிரித்தாள் பாப்பா. பிறகு அந்தப் பூவை ஒரு விரலால் தொட்டாள். "மத்ததெல்லாம் நீங்க பயந்து பயந்து போட்டது. இது ஒண்ணுதான் நீங்க ஆசையாத் தேய்ச்சது. ரெண்டும் எனக்கு வேணும்."

மடிப்பக்கா அழுதாள். கடையில் எல்லோரும் பார்க்க, சுவரைப் பார்க்காமல், வெங்காயத்தின் மேல் பழி போடாமல் அழுதாள். பிறகு மணிக்கட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இஸ்திரியை எடுத்தாள். எச்சில் தொட்ட கட்டைவிரலால் அதன் அடியில் ஒரு தட்டுத் தட்டிச் சூடு பார்த்தாள். அந்த ஒரு ரோஜாவை மட்டும் நேர்ப்பக்கமாகத் திருப்பி வைத்து, பாரம் இறக்கி, இன்னொரு முறை நன்றாக அமுக்கித் தேய்த்துக் கொடுத்தாள்.